நீ பயந்ததாக நான் சொன்ன கதை

அருளப்பா, சனிக்கிழமை மத்தியானம். அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து பையன்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஐந்தாம் வகுப்பு அறையில் என் மேஜை முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ படித்தபோது உட்கார்ந்த பெஞ்சு ஜன்னலோரம் இன்னும் அப்படியே கிடக்கிறது. வீட்டில் வைத்து இதை எழுத முடியாது, வீட்டில் நீ இருக்கிறாய். உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, "கம்பளி எடுத்து வச்சியா, சோப்பு எடுத்து வச்சியா" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். இந்த வாரம் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சோப்பைப் பற்றி எத்தனை தடவை கேட்டேன் என்று உனக்கே தெரியும். நாளைச் சாயங்காலம் உனக்கு ரயில். அதற்குள் இதை நீ படித்தாக வேண்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற எந்தத் தகப்பனுக்கும் பயம் இருக்கும்தான். நம் சாந்தோமிலேயே இந்தச் சண்டை தொடங்கியதிலிருந்து எத்தனை வீட்டுப் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஆனால் என்னுடையது அந்தப் பயம் மட்டும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது நீ ஒன்று சொன்னாய். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஆபீசர் கேட்டாருப்பா, ஆஸ்பத்திரியில வேலை பாக்குறியா, இல்ல முன்னால போய் அடிபட்டவங்களத் தூக்கிட்டு வர்ற கூட்டத்துல சேர்றியான்னு. எங்க குண்டு விழுதோ அங்க போடுங்க சார்னு சொல்லிட்டேன்." அம்மா அழ ஆரம்பித்தாள். நீ அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை ஊற்றிக்கொண்டேன். அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரத்துக்குப் போக வேண்டும். ஜப்பான்காரன் வருகிறான், கப்பலைப் பார்த்தார்கள், விமானத்தைப் பார்த்தார்கள் என்று ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்தது. மயிலாப்பூரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது, தியாகராய நகரில் வாடகைக்கு விட்ட வீட்டை வாடகை வேண்டாம், காவலுக்கு இருந்தால் போதும் என்று கெஞ்சினார்கள். நான் அப்போது நம் தெருவுக்கு வார்டன். இரும்புத் தொப்பியும் கைப்பட்டையும் ஒரு விசிலும் கொடுத்திருந்தார்கள். சைரன் கேட்டால் நான் தெருவில் இறங்கி விசில் ஊத வேண்டும், வீடு வீடாக ஆட்களைக் கூப்பிட்டுக் கோயில் மைதானத்தில் வெட்டியிருந்த பள்ளத்துக்குக் கொண்டு போக வேண்டும். எதிர்வீட்டு ஆப்பக்கார அந்தோணியம்மாளிடம் நானே போய்ச் சொல்லியிருந்தேன், "நீங்க தனியா எறங்கி ஓட வேணாம், என் விசில் சத்தம் கேட்டதும் வெளிய வாங்க, நான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்று. அவளுக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது.

அன்று காலை சைரன் அடித்தபோது அம்மா பூசைக்குப் போயிருந்தாள். வீட்டில் நீயும் நானும்தான். நீ ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்து என்னிடம் நீட்டினாய். "வாங்கப்பா, போலாம்" என்றாய். சாதாரணமாகத்தான் சொன்னாய், கடைக்குக் கூப்பிடுகிற மாதிரி. எனக்குக் கால் வரவில்லை. அந்தச் சத்தம் ஏறி இறங்க ஏறி இறங்க என் உடம்பே என் சொல் கேட்கவில்லை. நீ இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "விசில குடுங்க, நான் போறேன்" என்று கையை நீட்டினாய். நான் விசிலைக் கொடுக்கவில்லை. உன் இடது கையைப் பிடித்தேன். நீ கதவுப் பக்கம் இழுத்தாய், நான் உள்ளே இழுத்தேன். "அந்தோணிம்மா நிக்கிறாங்கப்பா, விடுங்க" என்று கத்தினாய். நான் விடவில்லை. எல்லாம் ஓய்ந்து, ஆபத்து நீங்கியது என்று மறு சங்கு ஊதும்வரை விடவில்லை. விட்டபோது உன் மணிக்கட்டில் என் நகம் பதிந்து ரத்தம் வந்திருந்தது.

குண்டு எதுவும் விழவில்லை. எட்டரை மணிக்கெல்லாம் தெருவில் ஆட்கள் வந்துவிட்டார்கள். தபால் ஆபீஸ் லாசர் நேரே நம் வாசலுக்கு வந்தார். "என்ன வாத்தியாரே, பள்ளத்துல எல்லாரும் இருக்கோம், வார்டன மட்டும் காணோம்" என்றார். கேலியாகத்தான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "பையன் ரொம்ப பயந்துட்டான் லாசர். கையைப் புடிச்சிக்கிட்டு விடவே இல்ல. தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்றேன். நீ எனக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்தாய். உன் வாய் திறந்ததை நான் பார்த்தேன். என் முகத்தைப் பார்த்தாய். பிறகு வாயை மூடிக்கொண்டாய். பதினேழு வயதுப் பிள்ளை, ஊர்முன் தகப்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தாய். அந்தப் பெரிய மனசுக்கு நான் செய்த கைம்மாறு, அந்தப் பொய்யை உன்மேலேயே விட்டுவைத்ததுதான்.

இரண்டு நாளில் ஊரைவிட்டுக் கிளம்பினோம். தொப்பியையும் பட்டையையும் திருப்பிக் கொடுத்தேன். விசில் தொலைந்துவிட்டது என்று சொன்னேன், அதுவும் பொய். செங்கல்பட்டில் உன் மாமா வீட்டில் மூன்று மாதம் இருந்தோமே, அங்கே நடந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போன உடனே எல்லாரிடமும் சொன்னாள். அவள் என் வார்த்தையை நம்பித்தானே சொன்னாள். மாமி உனக்குத் தீர்த்தம் தெளித்தாள், கழுத்தில் மாதா படம் தைத்த புது உத்தரியக் கயிறு போட்டாள். "பயந்த புள்ளை, ஒத்தையில படுக்க வைக்காதீங்க" என்று உன் பாயை நடுக்கூடத்தில் போட்டார்கள். முதல் வாரம் நீ சிரித்தாய். என்னைப் பார்த்து ரகசியமாகக் கண்ணைக்கூடச் சிமிட்டினாய். மூன்றாவது வாரம் நீ சிரிப்பதை நிறுத்திவிட்டாய், அவர்கள் சொன்ன இடத்தில் படுத்துக்கொண்டாய். இரண்டாம் மாதம் ஒரு நாள் காற்றில் கொல்லைக் கதவு படாரென்று அடித்தது. நீ துள்ளி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாய். மாமி ஓடிவந்து உன் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். அதற்குமுன் எந்தக் கதவுச் சத்தத்துக்கும் நீ துள்ளியதில்லை. எனக்குத் தெரியும், பதினேழு வருஷம் உன்னோடு இருந்தவன் நான்.

ஊருக்குத் திரும்பினால் அங்கே கதை நமக்கு முன்னாலேயே வளர்ந்து நின்றது. மைதானத்தில் பந்து விளையாடுகிற பையன்கள் உனக்கு 'சைரன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "டேய் சைரன், பந்து வருது, ஓடிப்போய் அப்பா கையைப் புடிச்சிக்கோ" என்று ஒருவன் கத்தியதை நான் கோயில் படியில் நின்று கேட்டேன். நீ பந்தை எடுத்து அவனிடம் எறிந்தாய். நான் கோயிலுக்குள் போய்விட்டேன். அருளப்பா, உனக்குப் பன்னிரண்டு வயதில் அடையாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் பெருகி வந்தபோது, கரையில் நின்ற பெரிய ஆட்கள் வேடிக்கை பார்க்க, நீ குதித்து ஒரு ஆட்டுக்குட்டியை இழுத்து வந்தாய். நாலைந்து வருஷம் நம் தெருவில் உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கதைதான் வரும். லாசரே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். சைரனுக்குப் பிறகு அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரே ஆளைப் பற்றி இரண்டு கதை வைத்துக்கொள்ள நம் தெருவுக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. நீயும் அதைச் சொல்வதில்லை.

நான் வாத்தியார், எனக்கு இது தெரியாதது இல்லை. இதே அறையில் ஒரு பையனை ஆறு மாதம் மக்கு என்று கூப்பிட்டுப் பார்த்தவன் நான். ஏழாவது மாதம் அவனுக்குத் தெரிந்த கணக்கைக் கேட்டாலும் எழுந்து நின்று தலையைச் சொறிவான். நாம் யார் என்பதை நாமே உள்ளே உட்கார்ந்து கண்டுபிடிக்கிறோம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து நாலு பேர் நம்மை எப்படிக் கூப்பிடுகிறார்களோ, நாம் எப்படித் திரும்பிப் பார்க்கிறோமோ, அதிலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக ஆகிறோம். வாத்தியாரே, வாத்தியாரே என்று இந்தத் தெரு கூப்பிட்டிராவிட்டால் நான் ஒழுங்காகச் சட்டைகூடப் போட்டிருக்க மாட்டேன். இதெல்லாம் தெரிந்தும் என் பிள்ளைக்கு நடந்தபோது வாயைத் திறக்காமல் இருந்தேன் என்றால், அதை என்னவென்று சொல்வது?

சும்மாவும் இருக்கவில்லை, இன்னொரு தப்பும் செய்தேன். திரும்பி வந்த மாதமே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டு, கடமையில் தவறினேன், பொய் சொன்னேன் என்றேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். "அந்தப் பொய்யால யாருக்காவது கெடுதல் உண்டா?" என்றார். "இல்ல சாமி" என்றேன். பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்தபோது மனசு அவ்வளவு லேசாக இருந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே நம்பினேன். தெருவில் சொன்ன பொய்யைத் தெருவில்தான் திருப்பி வாங்க வேண்டும், காதோடு காதாக ஒருவரிடம் சொல்லிவிட்டால் அது தெருவைவிட்டுப் போகாது என்று அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. நான் சுத்தமாகிவிட்டேன், நீ தினமும் அதைச் சுமந்துகொண்டு மைதானத்துக்குப் போனாய்.

போன மாதம் தியாகராய நகரில் உனக்கு டிரங்குப் பெட்டி வாங்கப் போனோமே, அன்றைக்குத்தான் எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டி மூடியில் உன் பெயரை எழுதிக்கொண்டிருந்த பெயிண்டர் தலையைத் தூக்காமலேயே கேட்டான். "இன்னா நைனா, பட்டாளத்துக்கா? பயமா இல்ல?" நீ சிரித்தாய். "எனக்கா? என்னைவிட பயந்தாங்கொள்ளி இந்த மெட்ராஸ்லயே கெடையாது. அன்னிக்கு சைரன் அடிச்சப்போ அப்பா கையைப் புடிச்சிக்கிட்டு அழுதேன் பாரு, விடவே இல்ல. அப்புறம் கட்டிலுக்கு அடியில போய் பூந்துட்டேன், ஆணி கிழிச்சிடுச்சு, இதோ பாரு" என்று மணிக்கட்டைக் காட்டினாய். அவன் எட்டிப் பார்த்து, "அட, நல்லாத்தான் கிழிச்சி கீது" என்றான். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, அப்படியிருந்தால் என்னை ஒரு பார்வை பார்த்திருப்பாய். நடந்ததைச் சொல்கிற மாதிரியே சொன்னாய். அழுதது, கட்டிலுக்கு அடியில் போனது, ஆணி, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவன் மாதிரி சொன்னாய். அருளப்பா, நம் வீட்டுக் கட்டிலில் ஆணியே கிடையாது. அது மரமுளை அடித்த கட்டில், போய்த் தடவிப் பார்.

என் பிள்ளையின் ஞாபகத்தையே நான் மாற்றிவிட்டேன் என்று அப்போது தெரிந்தது. அதற்குப்பிறகு செவ்வாய்க்கிழமை வந்தது, குண்டு விழுகிற இடத்துக்குப் போடுங்கள் என்று நீ சொன்னாய். சண்டைக்குப் போகிறவர்களில் சிலர் திரும்பி வரமாட்டார்கள், அது சர்வேசுரன் சித்தம். ஆனால் நீ திரும்பி வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போகிறாயோ என்றுதான் பயப்படுகிறேன். 'சைரன் இப்படிச் செத்தானாமே' என்று மைதானத்துப் பையன்கள் ஒரு நாள் பேச வேண்டும் என்பதற்காக, எழுந்திருக்கக் கூடாத நேரத்தில் நீ எழுந்து ஓடுவாயோ என்று நினைக்கிறேன். இல்லாத ஒன்றை இல்லை என்று காட்டுவதற்காக உயிரைக் கொடுத்துவிடாதே அப்பா.

புதன்கிழமையிலிருந்து நான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன், உனக்குத் தெரியாது. முதலில் லாசரிடம் போனேன். பயந்தது நான், கையைப் பிடித்தது நான் என்று விடாமல் எல்லாம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கையைப் போட்டு, "போதும் வாத்தியாரே. புள்ளை பட்டாளத்துக்குப் போறான், நல்ல பேரோட போகணும்னு பழிய உங்க தலையில போட்டுக்கறீங்க. பெத்த மனசு எனக்குத் தெரியாதா?" என்றார். நான் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்யச் செய்ய அவர் என்னை இன்னும் நல்லவனாக்கிக்கொண்டே போனார். வியாழக்கிழமை போன வீடுகளிலும் இதேதான். அம்மாவிடம் சொன்னேன், அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவளிடம் அதற்குமேல் என்ன சொல்ல? ஒரு பொய்யை நம்பவைக்க எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று, இப்போது உண்மையை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைகிறேன், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை, உண்மையிலேயே நீதான் பயந்தாயோ, எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட ஒரு நொடி சந்தேகம் வந்துவிட்டது. எனக்கே அப்படியென்றால் இரண்டு வருஷம் உன் பாடு எப்படி இருந்திருக்கும்!

கடைசியாகத்தான் அந்தோணியம்மாளிடம் போனேன். அவளிடம் போக வெட்கம். ஆப்பச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்து பாதி சொல்வதற்குள், "தெரியும் வாத்தியாரே" என்றாள். "நான் வாசப்படியில நின்னுகினு இருந்தேன். புழுக்கம்னு உங்கூட்டு ஜன்னலு தொறந்து கெடந்துச்சு. புள்ள வெளிய வர இழுக்குது, நீங்க உள்ள இழுக்குறீங்க. 'அந்தோணிம்மா நிக்கிறாங்க'ன்னு அது கத்துனது என் காதுல வுழுந்துச்சு." இரண்டு வருஷமாகத் தினமும் அவளிடம் ஆப்பம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். "அப்ப ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். அன்னிக்கு விசில் வரும்னு நின்னேனே, அதும் மாதிரி."

அன்று அவள் செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, சைரன் ஓயும்வரை அந்தப் படியில் தனியாக நின்றிருக்கிறாள். நான் இறங்காதே என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதனால் இறங்கவில்லை. எனக்கு வாய்விட்டு அழுகை வந்தது. அவள் அழ விட்டாள், ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தப் புள்ளையாண்ட சொன்னீங்களா? ஊராண்ட சொல்லிக்கினு திரியிறீங்களே" என்றாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, போகாதே என்று நான் சொல்ல முடியாது. சொல்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. போகிற இடத்தில் ஆபீசர் மறுபடி கேட்பார், யார் முதலில் போகிறீர்கள் என்று. அப்போது பதில் சொல்கிறவன் ஆட்டுக்குட்டிக்காகத் தண்ணீரில் குதித்த பையனாக இருக்கட்டும். அவன் குதிக்குமுன் ஆற்றின் வேகத்தைப் பார்த்தான், கயிற்றை இடுப்பில் கட்டச் சொன்னான், அதை நான் கரையில் நின்று பார்த்தேன். போகத்தான் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றினால் போகட்டும். ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று சொன்னாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சைரன் என்கிற ஒருவனை நான்தான் பெற்றேன், என் பயத்தில் பெற்றேன். அவனை என்னிடமே விட்டுவிட்டுப் போ. இதை நீ நம்பமாட்டாயோ என்றும் பயமாக இருக்கிறது. லாசர் சொன்னதைப் போல நீயும், அப்பா எனக்காகச் சொல்கிறார் என்று மடித்து வைத்துவிடலாம். அப்படித் தோன்றினால் உன் மணிக்கட்டைத் திருப்பிப் பார். நாலு பிறை நகக்குறி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. ஆணி அப்படிக் கிழிக்காது.

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் சட்டைகளுக்கு மேலே வைக்கப் போகிறேன். சாயங்காலம் துணி அடுக்கும்போது கிடைக்கும், அந்நேரம் நான் கோயிலில் இருப்பேன். இன்று என்னிடம் எதுவும் பேச வேண்டாம். நாளைக் காலை முதல் பூசைக்கு ஆட்கள் நம் தெரு வழியாகத்தான் போவார்கள். தொலைந்துவிட்டது என்று நான் சொன்ன விசில் இந்த மேஜை இழுப்பறையில்தான் இரண்டு வருஷமாகக் கிடக்கிறது, இப்போது எடுத்துத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நாளை அதை அந்தோணியம்மாள் வாசலில் நின்று ஊதுவேன். தெரு திரும்பிப் பார்க்கும். நான் இன்னொரு முறை எல்லாவற்றையும் சொல்வேன், தான் பார்த்ததை அவளும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறாள். லாசர் நம்பினால் நம்பட்டும். சத்தம் கேட்டதும் நீ கதவைத் திறந்துகொண்டு வா. உள்ளே உன் கையைப் பிடித்து இழுக்க யாரும் இருக்க மாட்டார்கள், நான் எதிர்வீட்டுப் படியில் நின்றுகொண்டிருப்பேன்.